தங்கச்சி எழுதி அனுப்பிய பாயிண்ட்

கடலூர் சோனாங்குப்பத்தில் கண்ணாயிரத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகுதான் பேசுவார்கள்.

இருபது வருஷம் விசைப்படகில் டிரைவராக இருந்தவன் அவன். நாலு பக்கமும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாத நடுக்கடலில், போன மாசம் வலை விரித்த அதே இடத்தில் படகைக் கொண்டுபோய் நிறுத்துவான். படகின் ஜி.பி.எஸ். பெட்டியில் ஒரு அம்பு தெரியும். அந்த அம்பு காட்டுகிற பக்கம் சுக்கானைப் பிடித்தால் போதும், மீன் இருக்கிற இடம் வந்துவிடும். அப்படிப்பட்டவன், வலை இழுக்கும்போது கயிறு அறுந்து வலது தோளை அடித்துப்போட்ட பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன் கடலை விட்டான். ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். ஆரம்பித்த நாள் முதல் தரையில் தொலைந்துகொண்டே இருந்தான்.

விருத்தாசலத்தில் கல்யாணம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், மாலையும் கழுத்துமாக இருந்த அந்த மாப்பிள்ளையை மங்கலம்பேட்டை கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தினான். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் ஏற்றப் போனவன் அண்ணாகிராமத்தை மூன்று முறை சுற்றி வந்தான். மூன்றாவது முறை டீக்கடைக்காரரே வெளியே வந்து, "அண்ணே, இன்னொரு ரவுண்டு வந்தா டீ ஓசி" என்றார்.

"பேரு மட்டும் கண்ணாயிரம். ஒரு கண்ணுக்காவது ரோடு தெரியுதா?" என்பாள் அவன் மனைவி மோகனப்பிரியா.

வழி கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்க மாட்டான். கடலில் ஒரு படகுக்காரன் இன்னொரு படகுக்காரனிடம் இடம் கேட்க மாட்டான். கேட்டாலும் அவன் உண்மையைச் சொல்ல மாட்டான். மீன் படும் இடத்தை எண்களாகக் குறித்துவைக்கும் சின்ன நோட்டை ஒவ்வொரு டிரைவரும் மடியில் கட்டிக்கொண்டு திரிவான். அந்த எண்களுக்குப் பெயர் 'பாயிண்ட்'. பெற்ற பிள்ளைக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் தவிர வேறு யாருக்கும் அதைக் காட்டுவதில்லை. இருபது வருஷப் பழக்கம், டயர் வைத்த வண்டிக்கு மாறியதும் போய்விடுமா?

ஆனால் கண்ணாயிரம் வேண்டுமென்றே போகாத ஒரு திசையும் இருந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் யார் சவாரிக்குக் கூப்பிட்டாலும், "வண்டி ரிப்பேரு" என்று சொல்லிவிடுவான். அந்தத் திசையில்தான் அவன் தங்கை அருள்மொழி இருந்தாள்.

அப்பா கடலோடு போனபோது அருள்மொழிக்கு ஆறு வயசு. அன்றிலிருந்து கண்ணாயிரம்தான் அவளுக்கு அப்பன். தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்த்தான். குழந்தை இல்லாத அவனுக்கும் மோகனப்பிரியாவுக்கும் அவள்தான் மகள். அந்த மகள், அவன் ஐந்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, கூடப்படித்த பாண்டியன் என்ற வயல்காட்டுப் பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மீனோடு கரைக்கு வந்தவனிடம் துறைமுகத்திலேயே செய்தியைச் சொன்னார்கள். அவன் கோபித்துக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கட்டி வச்சிருப்பனே" என்று மட்டும் சொன்னான். பிறகு ஏழு வருஷம் அவள் பேரைச் சொல்லவில்லை.

ஏழு வருஷம்! கடல் எத்தனை முறை பொங்கி அடங்கியது! அவன் நெஞ்சு மட்டும் அடங்கவில்லை.

அந்த ஆவணி மாசம் தபாலில் ஒரு மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. காதணி விழா. அருள்மொழியின் ஐந்து வயசு மகள் தமிழினிக்கு. 'தாய்மாமன் திரு. கண்ணாயிரம் அவர்கள் மடியில் அமர்த்தி' என்று அச்சடித்திருந்தார்கள். புதன்கிழமை பத்தரையிலிருந்து பதினொன்றே முக்கால் வரை முகூர்த்தம்.

மோகனப்பிரியா பயந்துகொண்டேதான் அதை நீட்டினாள். அண்ணனுக்குத் தெரியாமல் நாத்தனாரும் அவளும் ஏழு வருஷமாகப் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"மாமா, ஒண்ணு சொல்றன், கோவப்படாத. புள்ளைக்கு ஒரு வயசுலயே குத்தறதா இருந்திச்சி. அப்பவும் பத்திரிக வந்திச்சி. நீ கிழிச்சிப் போட்ட. தாய்மாமன் மடியில தவிர வேற எங்கயும் உக்கார வைக்க மாட்டன்னு உன் தங்கச்சி நாலு வருசமா தள்ளிப்போட்டுக்கினு கீறா. இப்ப அவுங்க ஊட்டுப் பெரியவங்க, இனிமே முடியாதுன்னுட்டாங்க. நீ வரலன்னா பக்கத்து ஊட்டுக்காரரு மடியில வச்சி காது குத்திடுவாங்களாம்."

கண்ணாயிரத்தின் கண் பத்திரிகையின் கீழ் ஓரத்தில் நின்றுவிட்டது. முகவரிக்குப் பக்கத்தில் நீல மையில், பழக்கப்பட்ட கையெழுத்தில் ஒரு வரி:

வடக்கு 11-19-240. கிழக்கு 79-36-510.

பாயிண்ட்! தங்கச்சி தன் வீட்டைப் பாயிண்டாகக் குறித்து அனுப்பியிருக்கிறாள். சின்ன வயசில் அவன் சொல்லச் சொல்ல அவன் நோட்டில் எண்களை எழுதிக்கொடுத்தவள் அவள்தான். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவாள். இதிலும் போட்டிருந்தாள். இந்த இடத்தை உனக்குத்தான் சொல்கிறேன் அண்ணா, வேறு யாருக்கும் இல்லை என்று அவள் சொல்வது அவன் காதில் விழுந்தது. கல்லாகக் கிடந்த மனசு கரைந்து கண் வழியாக வந்துவிட்டது.

"போலாம்" என்றான்.

மோகனப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா நாம வர்றத அவகிட்ட சொல்லக் கூடாது. வழியும் யார்கிட்டயும் கேக்கக் கூடாது. அவ பாயிண்ட் குடுத்துகீறா. நானே கண்டுபிடிச்சிப் போயி அவ வாசல்ல நிப்பன். சத்தியம் பண்ணு."

அவள் தலையில் அடித்துக்கொண்டே சத்தியம் செய்தாள்.

*

கண்ணாயிரத்திடம் இருந்தது பட்டன் போன். மோகனப்பிரியாவின் டச் போன் கீழே விழுந்து விழுந்து, பேசுவதைத் தவிர எல்லாவற்றையும் மறந்திருந்தது. படகிலிருந்த பெட்டியோ படகோடு போய்விட்டது. யோசித்துக்கொண்டே நின்றவன் திடீரென்று பீரோவைத் திறந்தான். அடித்தட்டில், ஒரு பழைய தாவணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தான். அருள்மொழிக்குக் கல்லூரியில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். போகும்போது அவள் அதை விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஏழு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை.

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடலூர் பழைய டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஃபீக்கிடம் போனான். ரஃபீக்கும் அவனும் சின்ன வயசிலிருந்தே மாமன் மச்சான் என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

"மச்சான், இத என் வண்டியில வச்சா படகுல இருந்த பெட்டி மாதிரி வழி காட்டுமா?"

ரஃபீக் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பேட்டரி மவுத்து மாமா. ஆனா மண்டை நல்லாத்தான் இருக்குது." மின்சாரம் கொடுத்தான். அது இரண்டு நிமிஷம் முனகிவிட்டுக் கண் திறந்தது.

திரை முழுவதும் ஒரு படம். படகின் முனையில் நின்று, தன் உயரத்துக்கு ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற கண்ணாயிரம்!

ரஃபீக் எழுந்துபோய் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே நேரமாக்கி வந்தான்.

வேலை இரண்டு நாளில் முடிந்தது. வானத்திலிருக்கும் சாட்டிலைட்டுகளின் சிக்னலை வாங்கும் சின்ன வில்லை ஒன்று. பெரிய சட்டைப் பொத்தான் அளவுதான், அடியில் காந்தம். அதைக் காரின் கூரை மேல் ஒட்டி, ஒயரைக் கண்ணாடி இடுக்கு வழியாக இறக்கி லேப்டாப்பில் செருகினான் ரஃபீக். கார் பேட்டரி மின்சாரத்தை லேப்டாப்புக்குத் தகுந்த மாதிரி மாற்ற, எந்தக் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸிலிருந்தோ கழற்றிய பழைய இன்வெர்ட்டர் ஒன்றை சீட்டுக்கு அடியில் வைத்தான். இலவசமாகக் கிடைக்கிற மேப்பை மொத்தமாக இறக்கி உள்ளே ஏற்றினான். இனி நெட்டே வேண்டாம். கண்ணாயிரம் தன் பங்குக்கு மீன்பெட்டிப் பலகை ஒன்றை வெட்டி டேஷ்போர்டு மேல் வைத்து, வலை நூலால் லேப்டாப்பை அதில் இறுக்கிக் கட்டினான். வெயில் படாமல் இருக்க ஐஸ் பெட்டித் தெர்மாகோலில் ஒரு குடை. புயலே அடித்தாலும் அசையாது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க" என்றான் ரஃபீக். "பேட்டரி செத்துப்போனது. இஞ்சினை நிறுத்தினா இதுவும் அணைஞ்சிடும்."

பிறகு அருள்மொழியின் எண்களை ஏற்றினான். பச்சை வயல்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது. அதை ஒட்டி மெல்லிய நீலக் கோடு. "இது வாய்க்காலு. பாலம் இங்க கீது. கார் மோடுல போனீன்னா பாலம் ஏத்தி ஊட்டு வாசல்லயே கொண்டுபோய் வுடும். இன்னொரு மோடு இருக்குது, அம்பு மோடு. அது நேர்க்கோடு காட்டும். மலை ஏறுறவங்களுக்கு உள்ளது. அதத் தொட்டுடாத."

அம்பைக் கண்டதும் கண்ணாயிரத்தின் முகம் மலர்ந்ததை ரஃபீக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

கடைசியாக ஒரு கூத்து. வழி சொல்லும் குரல் இங்கிலீஷில் இருந்தது. வேண்டிய குரலைப் பதிந்துகொள்ளலாம் என்று ரஃபீக் தன் மனைவி சமீராவைப் பேச வைத்தான். "அண்ணே, லெஃப்டுல திரும்புங்க" என்று அந்தப் பெண் தேனாகச் சொன்னாள். வீட்டில் கேட்ட மோகனப்பிரியாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"நான் ஒருத்தி பக்கத்துல குந்தியிருக்கறப்ப உனக்கு வழி சொல்ல இன்னொருத்தி எதுக்கு?"

மறுநாள் அவளே கடைக்கு வந்து மைக்கைப் பிடித்தாள். "மாமா, சோத்தாங்கைப் பக்கம் திரும்பு." "மாமா, பீச்சாங்கைப் பக்கம் திரும்பு." "நேரா போ." "வழி தப்பிட்ட மாமா, திரும்பு." "வந்துட்டோம், எறங்கு."

"ஒரு வாய்க்கே தாங்கல, இப்ப ரெண்டு" என்று முனகினான் கண்ணாயிரம்.

*

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியது. கண்ணாயிரம் மூன்று சட்டை மாற்றி, முதலில் போட்ட சந்தன நிறச் சட்டைக்கே திரும்பி வந்தபோது மணி எட்டரை. தாய்மாமன் சீரை மோகனப்பிரியா ஒரு பெரிய பிளாஸ்டிக் அன்னக்கூடையில் அடுக்கியிருந்தாள். சந்தையில் மீன் வைக்கிற, ஓட்டையில்லாத கூடைதான். தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். பட்டுப்பாவாடை, வளையல், பழம், வெல்லம். குட்டித் தோடு இரண்டும் கண்ணாயிரத்தின் சட்டைப்பையில்.

லேப்டாப்பின் மோகனப்பிரியா "நேரா போ" என்றாள். வண்டி கிளம்பியது.

புதுச்சத்திரம் தாண்டி டயர் பஞ்சர். ஒற்றைக் கையால் ஜாக்கி போட்டு மாற்றுவதற்குள் நாற்பது நிமிஷம் போய்விட்டது. சிதம்பரத்தைக் கடக்கும்போது மணி பத்து நாற்பது. முகூர்த்தம் ஆரம்பித்திருக்கும்!

"இன்னும் இருவத்தோரு கிலோமீட்டர் காட்டுது" என்றான் கண்ணாயிரம். நெற்றியில் வியர்வை.

"பதினொண்ணேகாலுக்குப் போயிடலாம் மாமா. பதறாத."

அவன் பதறினான். மனசுக்குள் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் மடியில் ஒரு குழந்தை. கண்ணாயிரத்தின் கை தானாகப் போய் அந்த இன்னொரு பொத்தானைத் தட்டியது.

திரையில் அம்பு! அவனுடைய பழைய அம்பு! அடியில் எழுத்து: பதிமூன்று கிலோமீட்டர்.

"பாத்தியா? எட்டு கிலோமீட்டர் சுத்த வுடறான் அந்த ரஃபீக்கு!"

"ஏன் மாமா என் கொரல் நின்னுபோச்சி?"

"இதுக்குக் கொரல் வாணாம். அம்பு போதும்."

அம்பு காட்டிய பக்கம் முதலில் வந்த ரோட்டில் வண்டியைத் திருப்பினான். தார் ரோடு. எண்கள் ஓட ஓடக் குறைந்தன. பத்து. எட்டு. தார் போய் ஜல்லி வந்தது. ஆறு. ஜல்லி போய் மண் வந்தது. கண்ணாயிரத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, இந்த வெள்ளைக் கார் எங்கே போகிறது என்று கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார்கள்.

"மாமா, ரோடு சின்னதாப் போவுதே. ஒரு வார்த்தை கேளேன்."

"ரெண்டு கிலோமீட்டர்தான்டி!"

மண் ரோடு ஒரு கரை மேல் ஏறியது. இரண்டு பக்கமும் வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒரு கிலோமீட்டர். அறுநூறு மீட்டர். முந்நூறு. அம்பு ஒரு பக்கமாகத் திரும்பிக் குத்திட்டு நின்றது. கண்ணாயிரம் பிரேக் போட்டான்.

அம்பு காட்டிய பக்கம் தண்ணீர்.

ஏரியைத் திறந்துவிட்டிருந்த சமயம். வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அகலம் எப்படியும் ஐம்பது அடி இருக்கும். அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக ஒரு பந்தல். ஒலிபெருக்கிப் பாட்டு இங்கே வரைக்கும் காதைப் பிளந்தது. அவன் இஞ்சினை நிறுத்தினான். திரை அணைந்து கறுத்தது.

கரையில் இருநூறு வாத்துகள் நின்றன. அவற்றுக்கு நடுவில் கோலை ஊன்றிக்கொண்டு நின்ற மங்கம்மா என்ற நடுவயதுப் பெண், காரையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாங்க, உங்க காரு நீந்துமா? என் வாத்துங்களே ரோசன பண்ணிக்கினு நிக்கிதுங்க."

மோகனப்பிரியா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையே பயங்கரமாக இருந்தது.

அந்த நேரம் பாட்டு நின்றது. மைக்கில் ஒரு குரல் கரகரத்தது: "முகூர்த்த நேரம் முடியப் போவுது. தாய்மாமன் ஸ்தானத்துல உக்காரப்போற பக்கத்து ஊட்டு ராஜமாணிக்கம் அவர்கள் மேடைக்கு வரவும். ராஜமாணிக்கம் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்."

மணி பதினொன்று இருபது.

இரண்டு வருஷமாகத் தரையில் யாரிடமும் வழி கேட்காதவன், அந்த வாத்துக்காரம்மாவிடம் ஓடினான். இரண்டு கையையும் கூப்பினான்.

"அம்மா, அது பாண்டியன் ஊடுதான? அங்க நான் எப்பிடிப் போறது? அந்தப் புள்ளைக்கு நான்தான் தாய்மாமன்!"

மங்கம்மாவின் கேலி போன இடம் தெரியவில்லை. "அய்யோ, அந்த அருளோட அண்ணனா? வரும் வரும்னு அந்தப் பொண்ணு நாலு வருசமா சொல்லிக்கினு இருக்குதே! பாலம் பின்னால ரொம்ப தூரம் சாமி. நீ ரிவர்சுல போயி, சுத்திக்கினு வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிடும்."

கண்ணாயிரம் தண்ணீரைப் பார்த்தான். தண்ணீர் அவனைப் பார்த்தது. தரைதான் அவனை இரண்டு வருஷமாக ஏமாற்றியது. தண்ணீர் எப்போது ஏமாற்றியிருக்கிறது?

"மோகனா, அன்னக்கூடைய எடு!"

அவளுக்கு நொடியில் புரிந்தது. கூடையைத் தூக்கிவந்து தண்ணீரில் இறக்கினாள். படகு மாதிரி மிதந்தது. அவன் சட்டைப்பையில் இருந்த தோட்டை எடுத்து முந்தானை நுனியைக் கிழித்து முடிந்து, கூடைக்குள் பழத்தின் அடியில் வைத்தாள்.

"தோளு தாங்குமா மாமா?"

"ஒரு கை போதும்."

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சந்தனச் சட்டையோடு வாய்க்காலில் இறங்கினான். நடுவில் கால் எட்டவில்லை. இழுப்பு வேறு. இடது கையால் நீரைத் தள்ளி, மார்பால் கூடையைத் தள்ளிக்கொண்டு நீந்தினான். பின்னால் கரையிலிருந்து மோகனப்பிரியாவின் குரல், லேப்டாப்பை விடச் சத்தமாக:

"பீச்சாங்கைப் பக்கம் போவுது பாரு! இழு! நேரா போ மாமா! இப்பதான் நேரா போவணும்!"

வாத்துகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. மங்கம்மா கோலைத் தூக்கிக்கொண்டு அக்கரையைப் பார்த்து, "ஏ அருளு! உன் அண்ணன் வருது! தண்ணில வருது!" என்று அலறினாள்.

கண்ணாயிரம் பாதி வாய்க்காலில், இடது கையின் இரண்டு விரலை வாயில் மடித்து ஒரு விசில் அடித்தான். படகு கரைக்குத் திரும்பும்போது தங்கச்சிக்குக் கேட்கட்டும் என்று அடிக்கிற விசில். ஆறு வயசிலிருந்து அவள் கேட்டு ஓடிவந்த விசில்.

பந்தலில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்ற அருள்மொழி சட்டென்று திரும்பினாள். "அண்ணா!" என்று ஒரு சத்தம். பட்டுப்புடவையோடு ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் ஓடிவந்தவன் பாண்டியன். கரையில் முட்டி போட்டுக் குனிந்து கையை நீட்டினான்.

"கை குடுங்க மச்சான்."

ஏழு வருஷம் தொடாத கை. கண்ணாயிரம் தண்ணீரில் நின்றபடி ஒரு கணம் அதைப் பார்த்தான்.

"அந்தக் கை வராது மாப்ள. தோளு போயிடிச்சி. இதப் புடி."

மாப்ள! அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே பாண்டியனும் ஏழு வருஷம் காத்திருந்தான். இடது கையைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்தான். அருள்மொழி ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"ஏண்ணா, பாலத்து வழியா வரக் கூடாதா?"

"நீ பாயிண்டுதான எழுதின? பாலம் எழுதலியே."

மேடையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கம், "அப்பாடா, எனக்குக் கால் மரத்துப்போச்சிங்க" என்று சொல்லி எழுந்து இடம் கொடுத்தார். மணி பதினொன்று நாற்பது. தண்ணீர் சொட்டச் சொட்டக் கண்ணாயிரம் சம்மணம் போட்டான். தமிழினியைத் தூக்கி மடியில் வைத்தார்கள். அடுத்த விநாடி அவள் துள்ளினாள்.

"அய்யே! மாமா ஜில்லுனு கீறாரு! என் பாவாட நனையுது!"

பந்தலே சிரித்தது. குழந்தை தன் ஈரப் பாவாடையைப் பிழிந்து பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். இரண்டாவது காதுக்குத்தான் அவளுக்கு அழ ஞாபகம் வந்தது. அதற்குள் கண்ணாயிரம் அவள் வாயில் ஒரு பிடி வெல்லக் காப்பரிசியைப் போட்டான். அழுவதா மெல்லுவதா என்று தெரியாமல் அவள் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அருள்மொழியின் அதே கண்கள். அவ்வளவு நேரம் அடக்கியிருந்தவன் அப்போது அழுதான். முகம் முழுக்க ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பாண்டியனின் தம்பி பைக்கில் சுற்றிப்போய் மோகனப்பிரியாவை ஏற்றி வந்தான். மங்கம்மாவைத் தனியாக அழைத்துவரச் சொல்லிக் கண்ணாயிரமே ஆள் அனுப்பினான். பந்தியில் மோகனப்பிரியா பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, ஊரைக் கூட்டி வைத்துக் கதை சொன்னாள். கதையில் தண்ணீரின் ஆழம் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழம் கூடியது.

சாப்பாடு முடிந்ததும் பாண்டியன் கண்ணாயிரத்தைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் காரை எடுக்க உதவினான். பாண்டியன் பின்னால் நின்று கை காட்ட, கண்ணாயிரம் கரை முழுவதும் ரிவர்ஸிலேயே வந்தான். நல்ல ரோட்டுக்கு வந்ததும் பாண்டியன் பைக்கை ஒரு கடையில் விட்டுவிட்டுக் காரில் ஏறினான். கண்ணாயிரம் கார் மோடுக்கு மாற்றினான்.

"மாமா, சோத்தாங்கைப் பக்கம் திரும்பு."

பாண்டியன் திடுக்கிட்டுப் பின் சீட்டைப் பார்த்தான். "அக்கா ஊட்லதான இருக்காங்க?"

"அவ எங்கயும் இருப்பா மாப்ள."

அந்தக் குரல் தப்பே செய்யாமல், திருப்பம் திருப்பமாகச் சொல்லி, பாலத்தில் ஏற்றி, தென்னந்தோப்புக்குள் நுழைத்து, பந்தலுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டது. "வந்துட்டோம், எறங்கு" என்றது.

கண்ணாயிரம் இஞ்சினையும் நிறுத்தவில்லை, இறங்கவுமில்லை. அருள்மொழி ஓடிவந்து ஜன்னல் வழியே குனிந்தாள். வலை நூலால் கட்டிவைத்த தன் பழைய லேப்டாப்பைப் பார்த்தாள். பாண்டியன் ஏதோ ஒரு பொத்தானைத் தட்ட, மேப் விலகிப் பின்னாலிருந்த படம் வந்தது. வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற அண்ணன்.

"இத இன்னும் வச்சிருக்கியாண்ணா?"

"உன் தாவணில சுத்தி வச்சிருந்தன்." ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றாள். இரண்டு பேருக்கும் கண் நிறைந்தது.

லேப்டாப்புக்கு இதெல்லாம் புரியுமா? வண்டி நிற்கிறது, ஆள் இறங்கவில்லை. அது மறுபடி சொன்னது: "வந்துட்டோம், எறங்கு."

"வந்துட்டோம், எறங்கு."

வாசல்படியில் தமிழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மோகனப்பிரியா கத்தினாள்:

"நானும் எத்தினி வாட்டி சொல்றது மாமா? எறங்கேன்!"